அசுணத்தின் முதுகுத் தையல்

போன மாதம் சென்னையிலிருந்து ஒரு பெண் போனில் கூப்பிட்டாள். அசுணத்தின் கதையைப் படமாக எடுக்கிறார்களாம், உடுப்புப் பொறுப்பு அவளுடையதாம். எங்கள் நாடகக் கம்பெனி அந்தக் காலத்தில் எடுத்த போட்டோ ஒன்று எப்படியோ அவள் கைக்குப் போயிருக்கிறது.

"தாத்தா, எவ்வளவு பெரிசாக்கிப் பாத்தாலும் முதுகுல ஜிப் தெரியலையே. எங்கே வச்சீங்க?" என்று கேட்டாள்.

"ஜிப்பும் இல்லை, பொத்தானும் இல்லை அம்மா. ஆளை உள்ளே விட்டுத் தைத்துவிடுவேன்" என்றேன்.

சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, "உள்ளே இருக்கிறவருக்கு ஏதாவது ஆச்சுன்னா?" என்றாள்.

லைன் சரியில்லை என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது. அவளுக்குச் சொல்லாத பதிலை, நம் தையற்காரர் சங்க மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி நீங்கள் கேட்ட இந்தச் சமயத்தில் எழுதிவிடுகிறேன்.

மூன்றாம் வகுப்புக்கு மேல் நான் பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனால் ஒரு மனிதன் கடைக்குள் நுழைந்து நாற்காலியில் உட்காருவதற்குள் அவன் தோள் அளவைச் சொல்லிவிடுவேன். நாடா வைத்துப் பார்த்தால் அரை விரல் கூட வித்தியாசம் இருக்காது. இதை எந்தக் காலேஜிலும் சொல்லித் தரமாட்டார்கள். நாஞ்சில் நாட்டிலிருந்து பன்னிரண்டு வயதில் திருவனந்தபுரம் வந்து, சாலைக் கடைத்தெருவில் பொன்னையா மேஸ்திரியின் கடையில் காஜா எடுக்க உட்கார்ந்தேன். அடி வாங்கினேன், தொழில் படித்தேன். நாடு சுதந்திரம் அடைந்த வருஷம் கொடித் துணி தைத்துத் தைத்து விரல் வீங்கி, சோறு பிசைய முடியாமல் கரண்டியால் சாப்பிட்டேன். மேஸ்திரி கடையில் ஆறு பேர் இருந்தோம். கொடியில் மூன்று நிறமும் சுருக்கம் விழாமல் சேர்ந்தது என் மிஷினில் மட்டும்தான். வேண்டுமானால் அன்றைக்கு வாங்கிப் போனவர்கள் யாராவது உயிரோடு இருந்தால் கேட்டுப் பாருங்கள்.

மேஸ்திரியிடம் தொழிலோடு சேர்த்து இன்னொன்றும் படித்தேன். ஒருவன் உடுத்தியிருக்கும் துணியில் ஊசி போடக் கூடாது. உடம்பில் கிடக்கும் துணியைத் தைப்பது பிணத்துக்குச் செய்கிற காரியம். வேறு வழியில்லாமல் தைக்க வேண்டி வந்தால், உடுத்தியிருப்பவன் பல்லிடுக்கில் ஒரு துரும்பைக் கடித்துக்கொள்ள வேண்டும். கடைசி முடிச்சுப் போட்டு நூலை அறுக்கிற வரைக்கும் துரும்பு வாயில் இருக்க வேண்டும். அப்போது தோஷம் துரும்போடு போய்விடும். சட்டைப் பொத்தான் அறுந்து அவசரமாக ஓடி வருகிற வக்கீல்களைக்கூட, வாயில் துரும்பு வைக்காமல் நான் தொட்டதில்லை. எத்தனையோ பெரிய மனிதர்கள் என் எதிரில் துரும்பைக் கடித்துக்கொண்டு ஆடு மாதிரி நின்றிருக்கிறார்கள்.

இனி கம்பெனிக்கு வருகிறேன். பிள்ளைகளுக்கான நாடகங்கள் மட்டும் போடுகிற கம்பெனி அது. அதன் தலைவர் கோலப்ப பிள்ளை வாத்தியார், எங்கள் நாஞ்சில் நாட்டுக்காரர்தான். வலியசாலையில் ஒரு பழைய வீட்டில் ஒத்திகை, கிழக்கேகோட்டைக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகையில் நாடகம். சனிக்கிழமை மத்தியானம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக வருவார்கள். ஒருநாள் ராஜா உடுப்பில் அக்குள் கிழிந்து என்னைக் கூப்பிட்டார்கள். தைத்துக் கொடுத்துவிட்டு, "இந்த ராஜாவுக்கு வெட்டினவன் ராஜாவைப் பார்த்ததில்லை, மனுஷனையும் பார்த்ததில்லை" என்றேன். வாத்தியார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். மறுநாள் முதல் நான் கம்பெனி ஆள்.

வாத்தியார் சத்தம் போட்டுப் பேசி யாரும் கேட்டதில்லை. கையில் எப்போதும் ஒரு பாக்குவெட்டி இருக்கும். மேடைக்கு வலப்பக்கத் தட்டியின் மறைவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார். பாக்குவெட்டியை ஒரு தரம் சொடுக்கினால் வாத்தியக்காரர்களுக்கு உத்தரவு. இரண்டு தரம் சொடுக்கினால் திரை விழ வேண்டும். நல்லா இருக்கு என்ற வார்த்தை அவர் வாயில் வராது. நான் தைத்த உடுப்பைக் கொடுத்தால் தையலுக்கு நடுவே சுண்டுவிரல் நகத்தை விட்டுப் பார்ப்பார். நகம் போகாவிட்டால் உடுப்பைக் கீழே வைப்பார். அதுதான் பாராட்டு. அவருக்கு ஒரே சட்டம்: திரை விழுகிற வரைக்கும் வேஷக்காரரைத் தவிர ஒருவனும் மேடையில் கால் வைக்கக் கூடாது. ஒருமுறை மரம் மாதிரி செய்த தட்டி சரிந்து ஒருவன் காலில் விழுந்தது. அவன் மீதி வசனத்தை மரத்துக்கு அடியில் கிடந்தபடியே பேசி முடித்தான்.

இன்னொன்றும் அவருக்கு ஆகாது. சகுனம். புது நாடகத்துக்குப் பூசணிக்காய் உடைக்க வந்த ஒருவனை அந்தப் பூசணிக்காயோடு திருப்பி அனுப்பினார். "எனக்கு வேலை தெரிஞ்சவன் போதும். தோஷம் பாக்கிறவன் வேற இடம் பாக்கட்டும்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்.

அசுணத்தின் கதை இப்போதும் பிள்ளைகள் படிக்கிற கதைதான். தெரியாதவர்களுக்காகச் சுருக்கிச் சொல்கிறேன். அசுணம் என்பது பழைய நூல்களில் வருகிற மலைப் பிராணி. நல்ல இசையைக் கேட்டால் சொக்கி நிற்கும். பறை அடித்தால் அந்தச் சத்தம் தாங்காமல் விழுந்து உயிரை விடும். கதையில் யாழ் வாசிக்கிற ஒரு சிறுமியைத் தேடி அசுணம் மலையிலிருந்து இறங்கி வருகிறது. அவள் வாசிக்க, அது கூடவே மூன்று தரம் முனகிப் பாடுகிறது. வேட்டைக்காரர்கள் ஒளிந்திருந்து பறையை அறைகிறார்கள். அது விழுகிறது. சிறுமி அழுது பாடுகிறாள். பாட்டு முடியும்போது அதன் காது அசைகிறது. பிள்ளைகள் கொட்டகை இடியக் கை தட்டுவார்கள்.

சரி, அசுணம் பார்க்க எப்படி இருக்கும்? பறவை என்றார் ஒருவர். மான் மாதிரி என்றார் மற்றொருவர். புத்தகத்தில் இருந்த படம் ஆட்டுக்குட்டிக்கு இறக்கை முளைத்த மாதிரி இருந்தது. வாத்தியார் என்னைப் பார்த்தார்.

"நீ என்னலே சொல்லுக, செல்லப்பா?"

"காதாலே வாழ்ந்து காதாலே சாகிற சீவன், வாத்தியாரே. காதைத் தச்சுட்டு மிச்சத்தைக் காதுக்குத் தக்கபடி தைப்போம்" என்றேன்.

படித்தவர்கள் ஒருத்தருக்கும் இது தோன்றவில்லை. இரண்டு மாதம் அந்த வேலையில் கிடந்தேன். முறம் அளவுக்கு இரண்டு பிரம்புச் சட்டம், அதில் இரண்டு மடிப்பு மஸ்லின், நடுவே சிவப்பு நூலால் நரம்பு. பின்னால் விளக்கு வைத்தால் ரத்தம் ஓடுகிற மாதிரி இருக்கும். உடம்புக்குத் தவிட்டு நிற வெல்வெட், உள்ளே தென்னை நார்த் திணிப்பு. முகத்துக்குப் பழைய வேட்டித் துணியைப் புளியங்கொட்டைப் பசையில் அடுக்கடுக்காக ஒட்டிக் காய வைத்தேன். பலகை மாதிரி நின்றது. கண்ணுக்கும் மூக்குக்கும் கறுப்பு வலை. வாய்ப் பக்கம் மட்டும் மெத்தென்ற துணி, சத்தம் வெளியே வருவதற்காக. அந்த முகத்தைப் பார்த்து வாத்தியார் நகத்தை நீட்டவே மறந்துபோய் நின்றார். இதை நான் கூட்டிச் சொல்லவில்லை.

உள்ளே போகிறவன் வாசு. ஸ்ரீவராகம் பக்கத்துக்காரன், மலையாளி, என்னைவிட நாலைந்து வயது இளையவன். ஒல்லி. அவன் முனகலுக்காகத்தான் அவனை எடுத்தார்கள். வயிற்றுக்குள்ளிருந்து ஒரு சத்தம் எடுப்பான். வீணையின் மந்தர நரம்பை விரலால் தொட்டுவிட்டு எடுத்த மாதிரி இருக்கும். கைக்குழந்தையும் அம்மாவும் அவன் சம்பளத்தில்தான் இருந்தார்கள். தொண்டைதான் அவன் சொத்து.

பொத்தான் வைத்தால் அமைதியான காட்சியில் டக்கென்று சத்தம் வரும், கொக்கி வைத்தால் மினுங்கும். அதனால்தான் தைத்து மூடுவது என்று நான் முடிவு செய்தேன். கழுத்திலிருந்து வால் வரை ஓட்டுத்தையல். முடிந்ததும் ஒரு நுனியை உருவினால் முதுகு முழுக்கத் திறந்துகொள்ளும். தலை தனி, வார் போட்டு மாட்டுவது. வேஷ அறையில் படுதாவை இழுத்து விட்டுக்கொண்டு நானும் வாசுவும் மட்டும் இருப்போம். வாத்தியாருக்குத் தெரியாமல் அவன் பல்லில் ஒரு வைக்கோல் துரும்பைக் கொடுப்பேன். முதுகைத் தைத்து நூலை அறுத்ததும் அவன் துப்புவான். அப்புறம் தலையை மாட்டுவேன்.

"இதொக்கெ எந்தினா அண்ணாச்சி?" என்று முதல் நாள் கேட்டான்.

"உனக்கு ஒண்ணும் வரக்கூடாதுன்னுதான் தம்பி. கடி."

"அண்ணாச்சி சொன்னா ஞான் புல்லும் தின்னும்" என்று சிரித்துக்கொண்டே கடித்தான்.

நாடகம் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. ஒரு சனிக்கிழமை, அசுணம் விழுகிற இடத்தில் முதுகுத் தையல் ஒரு சாண் விட்டுப் போயிற்று. தலையும் கொஞ்சம் கோணிக்கொண்டது. முன்வரிசையிலிருந்து ஒரு பையன், "எடா, உள்ளே ஆளுண்டு! முண்டு காணுன்னு!" என்று, வாசுவின் வேட்டி தெரிவதைக் காட்டிக் கத்தினான். கொட்டகை முழுக்கச் சிரிப்பு. பாட்டு எடுபடவில்லை.

திரை விழுந்ததும் எல்லோரும் இருக்கும்போது வாத்தியார் கணக்குப்பிள்ளையைக் கூப்பிட்டு, மெதுவாக, "சாலைக் கடைத்தெருவில தைக்கத் தெரிஞ்சவன் எவனாவது இருக்கானான்னு நாளைக்குப் போய்ப் பாரும்" என்றார். என் பக்கம் திரும்பவே இல்லை.

என் தையலைப் பார்த்து ஒருவன் சிரித்தான் என்பது என் வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவை. அடுத்த சனிக்கிழமைக்குள் தேன்மெழுகு வாங்கி இரட்டை நூலில் ஏற்றினேன். ஓட்டுத்தையல் வேண்டாம், பின்தையல் என்று முடிவு செய்தேன். ஒரு தையல் முன்னே போய் அரைத் தையல் பின்னே வரும். யானை இழுத்தாலும் விடாது. தலைக்கு வார் வேண்டாம், அதையும் கழுத்திலிருந்த பிரம்பு வளையத்தோடு சேர்த்துத் தைத்துவிடுவது.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் நல்ல புழுக்கம். வாசு உள்ளே இறங்கினான். துரும்பைக் கொடுத்தேன். முதுகைத் தைத்தேன். வழக்கமாக அந்த இடத்தில் நூலை அறுப்பேன், அவன் துப்புவான். ஆனால் அன்றைக்கு வேலை முடியவில்லை. அதே நூல் கழுத்துக்குப் போக வேண்டும். ஊசி அவன் உடம்பை விட்டு இன்னும் இறங்கவில்லை. மேஸ்திரி சொன்ன முறைப்படி கடைசி முடிச்சு வரைக்கும் துரும்பு வாயில் இருந்தாக வேண்டும்.

வாசு துரும்போடு, துப்பட்டுமா என்பதற்கு மலையாளத்தில் "துப்பட்டா?" என்றான்.

"இரு. கழுத்தும் முடியட்டும். பொறவு உள்ளேயே துப்பிக்கோ" என்றேன்.

தலையை வைத்து, வளையத்தைச் சுற்றித் தைத்து, முடிச்சுப் போட்டு, பல்லால் நூலை அறுத்தேன். வாத்தியார் படுதாவுக்கு வெளியிலிருந்து சுண்டுவிரலை மட்டும் உள்ளே நீட்டினார். முதுகைத் திருப்பிக் காட்டினேன். நகம் போகவில்லை. எனக்கு நெஞ்சு இரண்டு அங்குலம் விரிந்தது. அந்த நிமிஷம் துரும்பு என் நினைவிலிருந்தே போய்விட்டது.

துப்புவதற்கு உள்ளே இடம் இல்லை என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். வாய்ப் பக்கத்துத் துணி உதட்டோடு ஒட்டி இருக்கும்படி வெட்டியவன் நான்தான். வாசு துரும்பை நாக்கால் கன்னத்துக்குள் ஒதுக்கிக்கொண்டு மேடை ஏறியிருக்கிறான்.

நான் இடப்பக்கத் தட்டியில் கழுத்தில் கத்தரிக்கோலோடு நின்றேன். எதிர்ப்பக்கம் வாத்தியார். சிறுமி வேஷம் கமலம் என்ற பெண்ணுக்கு. அவள் யாழை மீட்டுகிற மாதிரி விரலை அசைப்பாள், உள்ளேயிருந்து வீணை வரும். முதல் முனகல் வந்தது. பிள்ளைகள் மூச்சுக் காட்டாமல் இருந்தார்கள். இரண்டாவது வந்தது. என் தையல் ஒரு நூலும் நெகிழவில்லை. மூன்றாவது முனகலுக்கு வாசு எப்போதும் நெடுமூச்சு இழுப்பான். இழுத்தான், வெல்வெட் முதுகு உயர்ந்தது.

சத்தம் வரவில்லை.

வீணைக்காரர் அந்த இடத்தையே திரும்ப வாசித்தார். அசுணம் முன்கால்கள் இரண்டையும் தூக்கிக் கழுத்தைப் பிடித்தது. ஒத்திகையில் அப்படி ஒன்று கிடையாது. அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தது. பறை இன்னும் அடிக்கவில்லை. பறை அடிக்காமல் அசுணம் விழாது, அது கதை. பிள்ளைகள் ஐயோ என்றார்கள். அவர்களுக்கு எல்லாம் நாடகம்தான். அதன் பின்காலைப் பார்த்தேன். அது தரையை உதைத்தது, நின்றது, மறுபடி உதைத்தது. எனக்கு அப்போது துரும்பு நினைவு வந்தது.

வாத்தியாரைப் பார்த்தேன். பாக்குவெட்டி அவர் கையில் பாதி திறந்தபடி நின்றது. அவர் சொடுக்கினால் பறை விழும், அப்புறம் கமலத்தின் பாட்டு, அந்தப் பாட்டு முடிய ஆறேழு நிமிஷம். அதுவரைக்கும் செத்த அசுணத்தை யாரும் தொடமாட்டார்கள்.

மேடையில் கால் வைத்தேன். முண்டும் பனியனும் கழுத்தில் அளவு நாடாவுமாக ஒருவன் மலைக்காட்டுக்குள் ஓடி வருவதைப் பார்த்துப் பிள்ளைகள் சிரிக்க ஆரம்பித்தார்கள். முட்டி போட்டு உட்கார்ந்து கழுத்துத் தையலுக்குள் கத்தரியை விட்டேன். போகவில்லை. நகமே போகாத இடத்தில் கத்தரி எப்படிப் போகும்? பிரம்பு வளையம் வேறு தடுத்தது. குனிந்து பல்லால் கடித்தேன். மெழுகு வழுக்கியது. ஒரு தையல் அறுந்தது. பின்தையலில் ஒன்றை அறுத்தால் அடுத்தது இறுகிக்கொள்ளும். அதற்காகத்தானே அதைப் போட்டேன். இன்னொன்றைக் கடித்தேன். என் கன்னத்துக்குக் கீழே வாசுவின் கழுத்து துள்ளுவது தெரிந்தது.

தலைக்கு மேலே ஒரு சத்தம். "திரை! திரையை விடுங்கலே!" வாத்தியார் கத்திக்கொண்டே மேடைக்கு நடுவில் வந்து நின்றார். நான் தலை நிமிராமல் மூன்றாவது தையலைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

"எலே, என்ன செய்யுக?"

"பிரிக்கேன்."

"மூஞ்சியை வெட்டு."

நான் வெட்டவில்லை. இதைத்தான் இத்தனை வருஷமாக யாரிடமும் சொன்னதில்லை. இரண்டு மாதம் செய்த முகம் அது. அந்த வாயை வெட்டினால் அந்த வளைவு திரும்ப வராது என்று கை நின்றுவிட்டது. எத்தனை நேரம் என்று தெரியாது, ஒரு மூச்சு நேரம் இருக்கலாம். உள்ளே இருந்தவனுக்கு அந்த ஒரு மூச்சும் இல்லை.

"மூஞ்சியை வெட்டுலே, சவமே!"

வெட்டினேன். வாய்த் துணியில் குத்தி, மூக்கு வரைக்கும் மேலே இழுத்தேன், பசைத் துணி பலகை மாதிரி முறிந்தது. உள்ளே வாசுவின் முகம் நீலமாக இருந்தது. கண் திறந்திருந்தது, என்னைப் பார்க்கவில்லை. வாத்தியார் அவனை அப்படியே கவிழ்த்துத் தன் தொடையில் போட்டு, தோள்பட்டைக்கு நடுவே உள்ளங்கையால் அறைந்தார். வெல்வெட்டும் தென்னை நாரும் அந்த அடியை வாங்கிக்கொண்டன. இன்னும் பலமாக அறைந்தார். நான் இரண்டு விரலை அவன் தொண்டைக்குள் விட்டேன். கடித்தான், அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. நுனி ஒன்று அகப்பட்டது. இழுத்தேன். ரத்தத்தோடு துரும்பு வந்தது. அதற்குப் பின்னால், கிணற்று ராட்டினம் கிறீச்சிடுகிற மாதிரி ஒரு மூச்சு உள்ளே போனது.

திரைக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் கை தட்டிக்கொண்டிருந்தார்கள்.

டாக்டர் வந்து பார்த்தார். துரும்பு குறுக்கே கீறிக்கொண்டு போயிருக்கிறது, பதினைந்து நாள் வாயே திறக்கக் கூடாது, அதற்குப் பிறகும் குரல் பழைய மாதிரி வருமா என்று தன்னால் சொல்ல முடியாது என்றார். அவர் போனதும் வாத்தியார் துரும்பை இரண்டு விரலால் எடுத்து வாசுவின் முன்னால் பிடித்தார்.

"இது எப்படிலே வாய்க்குள்ள போச்சு? நீ வச்சதா?"

வாசு அவரைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். நான் கிழிந்த முகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வாசு ஆமாம் என்று தலையை அசைத்தான்.

"மேடைக்கு வாறவன் வாயில துரும்பு மென்னுக்கிட்டு வாறான்" என்றார் வாத்தியார். "குரல் வந்தாலும் சரி, வராட்டாலும் சரி. இவன் வேண்டாம். சாமானை எடுத்துக்கிட்டுப் போகட்டும்."

பேச முடியாதவன் அவன், பேசாதவன் நான்.

அடுத்த இரண்டு சனிக்கிழமையும் கம்பெனி வேறு நாடகம் போட்டது. நான் முகத்தைச் சரி செய்தேன். புது வாய் வெட்டி ஒட்டினேன். பழையதைவிட நன்றாக வந்தது. என் கை அப்படிப்பட்ட கை, நெஞ்சு கெட்டுக் கிடந்தாலும் அது தன் வேலையைச் செய்யும். ஒருநாள் ஸ்ரீவராகத்துக்குப் போனேன். வாசுவின் அம்மா வாசலில் நின்று, "மோன் மிண்டருது, டாக்டர் பறஞ்ஞிட்டுண்டு" என்று, மகன் பேசக் கூடாதென்று டாக்டர் சொன்னதைச் சொன்னாள். உள்ளே குழந்தை அழுதது. அவன் அதைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான். வழக்கமாக முனகித்தான் அதைத் தூங்க வைப்பானாம். அன்றைக்கு வெறுமனே முதுகைத் தட்டிக்கொண்டு நடந்தான். குழந்தை நிறுத்தவே இல்லை. வாங்கிப் போன பழத்தை வைத்துவிட்டுத் திரும்பினேன்.

பதினாறாம் நாள் காலை ஒத்திகை வீட்டில் வாசு தன் தகரப் பெட்டியை எடுக்க வந்தான். நான் நேரே வாத்தியார் முன்னால் போய் நின்றேன்.

"துரும்பை வச்சது நான்" என்றேன். உடுத்திய துணி, ஊசி, மேஸ்திரி சொன்ன முறை, கழுத்துத் தையல், எல்லாவற்றையும் சொன்னேன். முகத்தை வெட்டாமல் நின்றதையும் சொன்னேன். வாத்தியார் பாக்கு வெட்டிக்கொண்டே கேட்டார். கடைசித் துண்டையும் வெட்டி வாயில் போட்டுக்கொண்டார்.

"கிழிஞ்சதைத் தச்சாச்சா?"

"ஆச்சு."

"போட்டுப் பாத்தியா?"

"நானா?"

"பின்னே நானா?"

உடுப்பைக் கொண்டுவரச் சொன்னார். இத்தனை வருஷத்தில் நான் தைத்த எந்த வேஷத்துக்குள்ளும் நான் போனதில்லை. இறங்கினேன். வாத்தியார் வாசுவைக் கூப்பிட்டு ஊசியையும் மெழுகு நூலையும் அவன் கையில் கொடுத்தார். "தை. கழுத்தும் சேத்து."

வாசுவுக்குத் தைக்கத் தெரியாது. ஊசி முதுகில் மூன்று தரம் குத்தியது. நான் பழக்க தோஷத்தில் துரும்புக்கு வாயைத் திறந்துகொண்டு நின்றேன். யாரும் எதுவும் கொடுக்கவில்லை. வாயை மூடிக்கொண்டேன். தலை இறங்கியது.

உள்ளே புளியங்கொட்டைப் பசை வாடையும் வாசுவின் பழைய வேர்வை வாடையும் இருந்தன. கறுப்பு வலைக்கு அந்தப் பக்கம் உலகம் மழைக்குள் நிற்கிற மாதிரி தெரிந்தது. என் மூச்சு எனக்கே இடி மாதிரி கேட்டது. மூச்சு இழுத்தால் வாய்த் துணி ஈரமாகி உதட்டில் ஒட்டியது. விட்டால் விலகியது. நெற்றி வேர்வை கண்ணில் இறங்கியது, துடைக்க என் கை எனக்கு எட்டவில்லை.

"விழு" என்றார் வாத்தியார். விழுந்தேன். "கமலம், பாடு மக்களே."

அந்தப் பாட்டை நான் தட்டி மறைவில் நின்று எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். அவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியாது. நாலாவது அடியில் எழுந்து ஓட வேண்டும் போல இருந்தது. என் தையல் விடாது என்று எனக்குத் தெரியும், அதை என்னைவிட நன்றாக அறிந்தவன் யார்? துணி ஒட்டியது, விலகியது, ஒட்டியது. கத்திவிடலாமா என்று பார்த்தேன். வாசு கத்த முடியாமல் கிடந்த இடம் இது என்று நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

பாட்டு முடிந்தது. யாரும் வந்து பிரிக்கவில்லை. என் தலைப்பக்கம் யாரோ உட்காருகிற மாதிரி பலகை அழுந்தியது. அசுணத்தின் பெரிய காதுக்கு வெகு பக்கத்தில் ஒரு மூச்சு கேட்டது. என்னுடையது இல்லை.

பிறகு வெறும் காற்று வந்தது. சத்தம் இல்லாத காற்று. அவன் நிறுத்தினான். எச்சில் விழுங்குகிறது கூடக் கேட்டது. மறுபடி எடுத்தான். பானை விரிசல் விட்ட மாதிரி ஏதோ கரகரத்து அறுந்தது. நான் மூச்சை நிறுத்திக்கொண்டேன், என் மூச்சு அவன் சத்தத்தை மறைத்துவிடுமோ என்று.

மூன்றாவது தரம் முனகல் வந்தது. பழையது இல்லை. அடியில் ஒரு சொரசொரப்பு இருந்தது. ஆனால் வந்தது, நின்றது, நீண்டது. நான் உள்ளே அழுதுகொண்டிருந்தேன், துடைக்க முடியவில்லை.

"நாளைக்கு ஒத்திகைக்கு வந்திரு, வாசு. பெட்டியை இருந்த இடத்திலேயே வை" என்ற வாத்தியாரின் குரல் கேட்டது. காலடி என் பக்கம் வந்து நின்றது. சுண்டுவிரல் நகம் முதுகுத் தையலில் ஓரிடத்தில் புகுந்தது, இன்னோரிடத்திலும் புகுந்தது.

"தையல் மோசம்" என்றார். "செல்லப்பா, நீ அப்படியே கிட. அவன் போய்ச் சாயா குடிச்சிட்டு வந்து பைய பிரிப்பான்."

கிடந்தேன்.